அளவளாவும் மொழியே வாழும் மொழி

ஒரு மொழியின் உயிர் எங்கே இருக்கிறது என்று வினவினால், நூலில் என்பார் சிலர். மேடையில் என்பார் சிலர். ஆட்சிமன்றத்தில் என்பார் வேறு சிலர். மூன்றும் மொழிக்கு வேண்டியவையே. ஆயினும், நூலில்லாத மொழிகள் நெடுங்காலம் வாழ்ந்திருக்கின்றன. அரசில்லாத மொழிகளும் வாழ்ந்திருக்கின்றன. "உண்டாயா?", "உடம்பு எப்படி?", "அங்கே மழை உண்டா?", "பிள்ளைகள் நலமா?" என்று இருவர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாத மொழி எதுவும் உலகில் வாழ்ந்ததில்லை. நூல்கள் மலைமலையாய்க் குவிந்திருந்தும், அடுக்களையிலும் தெருவிலும் பேசுவாரற்றுப் போனமையால் இலத்தீனம் வழக்கொழிந்த மொழியாயிற்று.

இச் சிறு பேச்சுக்குத் தமிழில் அழகிய பெயர் உண்டு. அளவளாவல் என்பது அது. உள்ளங்கலந்து உரையாடுதல் என்பது அதன் பொருள். திருவள்ளுவர் சுற்றந்தழாலில் இச் சொல்லை ஆண்டிருக்கிறார். சுற்றத்தாரோடு உளங்கலந்து பழகாதவனுடைய வாழ்வு, கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தாற் போன்றது என்பது அவர் கருத்து. நீர் எவ்வளவு வந்தாலென்ன? கரையில்லையேல் நில்லாது. அவ்வாறே செல்வமும் புலமையும் எவ்வளவு இருந்தாலும், அளவளாவல் இல்லாதவிடத்து நில்லா. இது தனிமாந்தனுக்கு மட்டுமன்று. ஓர் இனத்துக்கும் அவ்வினத்தின் மொழிக்கும் பொருந்தும்.

திண்ணையிலும் கிணற்றடியிலும் நிகழ்ந்த அளவளாவல் இன்று திறன்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. ஒரு நாட்டிலிருப்பவன் இன்னொரு நாட்டிலிருப்பவனை ஒருமுறையும் நேரிற் காணாமலேயே நண்பனாக்கிக்கொள்கிறான். விடிந்ததும் வணக்கம், உச்சியில் உணவைப் பற்றி ஒரு சொல், மாலையில் மழையைப் பற்றி ஒரு சொல், இரவில் விடை. பார்ப்பதற்கு இதிலொன்றும் இல்லை. "வெறும் அரட்டை" என்று பெரியவர்கள் ஒதுக்குவர். மொழிப் பற்றாளர்களும் மாநாட்டுத் தீர்வுகளிலும் கலைச்சொற் பட்டியல்களிலும் கருத்தைச் செலுத்திவிட்டு, இதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றனர். ஆனால், தமிழின் வருங்காலம் எழுதப்படுவது அந்த அரட்டையில்தான். அதனை உணர்தற்குப் பழவேற்காட்டைக் காட்டிலும் தக்க சான்று வேறில்லை.

குப்பத்தில் ஒரு மாலை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில் உள்ளது பழவேற்காடு. வேலமரங்கள் அடர்ந்த காடு வேற்காடு. பழமையான வேற்காடு பழவேற்காடு என்பர். அதனையொட்டிய ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெருமையுடையது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் கிடக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் எனக் கரைநெடுகிலும் மீனவர் குப்பங்கள்.

இக் குப்பங்களுள் ஒன்றில் வாழும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்க. மாலையில் வலையை உலர்த்திவிட்டுத் திறன்பேசியை எடுக்கிறான். யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பன், பினாங்கில் ஒருவன், நார்வேயில் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பிள்ளை ஒருவன். நால்வரும் தமிழர். நால்வரும் எழுதிக்கொள்வதோ இவ்வாறு: "ஹாய் ப்ரோ", "குட் ஈவ்னிங்", "வெதர் எப்படி?", "டின்னர் ஆச்சா?", "ஒர்க் டென்சன்", "ஓகே பை". இதில் தமிழ் என்று சொல்லத்தக்கவை 'எப்படி' என்பதும் 'ஆச்சா' என்பதுமே. மற்றவை அனைத்தும் ஆங்கிலம். அவற்றையும் தமிழெழுத்தால் எழுதாமல் உரோமன் எழுத்தால் எழுதுகின்றனர்.

"வெதர்" என்று கேட்பவன் யாருடைய பேரன்? வானத்தைப் பார்த்தும் அலையின் நிறத்தைப் பார்த்தும் வாடை இது, கொண்டல் இது என்று பிரித்தறிந்து கட்டுமரம் தள்ளியவனுடைய பேரன். நகரத்தானுக்குக் காற்றைப் பற்றிய பேச்சு பொழுதுபோக்கு. மீனவனுக்கோ அது சோற்றைப் பற்றியும் உயிரைப் பற்றியும் ஆகிய பேச்சு. 'காற்று எப்படி?' என்று ஒரு மீனவன் கேட்டால், 'நாளை கடலுக்குப் போகலாமா, போனால் திரும்பலாமா' என்று கேட்பதாகப் பொருள். அவ்வளவு பொருளும் பொதிந்த வினாவைத் தூக்கியெறிந்துவிட்டு, பொருளே இல்லாத 'வெதர்' என்னும் வெற்றோசையை அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

2023 திசம்பரில் மிச்சாங் புயல் சென்னையையும் வடகரையையும் உலுக்கிய போழ்து, தமிழகக் கரையிலிருப்போர்க்கு எத்தனையோ நாடுகளிலிருந்து நலம் வினவும் செய்திகள் வந்தன. 'சேஃபா?' என்று ஒரு சொல்லில் கேட்பதும் அன்புதான். ஆயினும், 'வீட்டில் நீர் ஏறிற்றா? படகைக் கரையேற்றினாயா? வலை தப்பிற்றா? அம்மா எங்கே?' என்று தாய்மொழியில் கேட்கும்போது, கேட்பவன் அக் குப்பத்துக்குள்ளேயே வந்து நிற்கிறான். முன்னது கடலுக்கு அப்பால் நின்று கையசைப்பது போன்றது. தாய்மொழி செய்யும் வேலை இதுவே.

'பாடு' என்னும் ஒரு சொல்

இக் குப்பங்களின் பேச்சில் வழங்கும் ஒரு சொல்லை மட்டும் எடுத்து நோக்குக. பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை மீனவக் குடிகள் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஒழுங்குக்குப் 'பாடு' என்று பெயர். நல்ல இடமும் வளங்குறைந்த இடமும் எல்லார்க்கும் மாறிமாறி வருமாறு அமைத்த முறை அது. வலியவன் நல்லிடத்தை வளைத்துக்கொண்டு எளியவனைப் பட்டினி போடாதபடி, எழுதாச் சட்டமாய் நின்று காத்தது. உலகெங்கும் உள்ள மீன்வள ஆய்வாளர்கள் இன்று அதனை வியந்து ஆராய்கின்றனர்.

'படு' என்னும் முதனிலை திரிந்து 'பாடு' ஆயிற்று. கெடு என்பது கேடு ஆவதும், சுடு என்பது சூடு ஆவதும் போன்றது இது. மீன் வலையிற் படுவதால் அது மீன்பாடு. உடல் வருந்த உழைப்பதால் அது பாடுபடுதல். ஒருவனுடைய நிலை இன்னதென்பதும் அவன் பாடு. ஆகவே, ஒரு மீனவன் இன்னொருவனை 'பாடு எப்படி?' என்று கேட்டால், 'மீன் கிடைத்ததா, உன் முறை எப்பொழுது, உழைப்பு மிகுதியா, வாழ்வு எவ்வாறு ஓடுகிறது' என்னும் நான்கு வினாவும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. 'ஹவ் ஆர் யூ' என்பதில் இவற்றுள் ஏதேனும் உண்டா? நான்கு வினாவைக் கேட்கும் ஒரு சொல்லை இழந்து, ஒரு வினாவையும் மெய்யாகக் கேளாத மூன்று சொல்லைப் பெறுவது எவ்வகைக் கொள்வினை?

பாவாணர் தமது சொல்லாராய்ச்சிக்கு ஏட்டுச் சொற்களோடு நிறுத்தாமல், உழவரும் மீனவரும் கைவினைஞரும் வழங்கும் சொற்களையும் தேடித் தொகுத்தமைக்குக் கரணியம் இதுவே. ஏட்டில் மறைந்த வேர் எளியோர் நாவில் உயிரோடிருக்கும். அந்த நாவே இன்று மாறுமானால், வேரைத் தேட வேறிடம் ஏது?

அக்காலத்து அயல்நாட்டு நட்பு

வேற்று நாட்டாரோடு பேசிப் பழகுவது பழவேற்காட்டுக்குப் புதிதன்று. அராபியர் வந்தனர், போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்து 1613-இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. அவர்கள் வரவு முழுதும் நட்பாகவே இருந்ததென்று எண்ணிவிடலாகாது. இக் கரையிலிருந்து ஏழை மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பிய கொடுமையும் அந்த வணிகத்தின் ஒரு பகுதியே. ஆயினும், கரையில் நாடோறும் பேச்சு நிகழ்ந்தது. கொள்வினை கொடுப்பினை நிகழ்ந்தது.

அப் பேச்சுகளுள் ஒன்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டு ஒல்லாந்தர்க்குச் சமயகுரவராயிருந்தவர் ஆபிரகாம் உரோசேரியசு. ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்திருந்த பதுமநாபன் என்னும் பார்ப்பன அறிஞரோடு அவர் நெருங்கிப் பழகி, இந்நாட்டுச் சமயத்தையும் வழக்கங்களையும் கேட்டறிந்தார். இருவரும் எம்மொழியில் உரையாடினர்? ஒல்லாந்த மொழியிலன்று; கரையில் ஒலித்த தமிழிலும் அன்று; தெலுங்கிலும் அன்று. போர்த்துக்கேய மொழியில்! இருவர்க்கும் தாய்மொழியல்லாத மூன்றாவதொரு மொழி அது. அவ் வுரையாடலின் விளைவாக எழுந்த நூல், உரோசேரியசு மறைந்தபின் 1651-இல் இலெய்டன் நகரில் அச்சேறிற்று. பருத்திருகரியின் வடமொழிப் பாக்கள் அதன்வழி ஐரோப்பாவுக்கு அறிமுகமாயின. பத்தாண்டுகள் தமிழ் ஒலிக்கும் கரையில் இருந்தவர் எடுத்துச் சென்றது வடமொழிச் சரக்கு. திருக்குறள் போகவில்லை, கடற்பாடல்கள் போகவில்லை, பாடு என்னும் சொல்லும் போகவில்லை. அயன்மொழியில் அளவளாவினால் அகத்துச் செல்வம் வெளியே செல்லாது என்பதற்கு இதுவொரு சான்று.

இதற்கு மறுதலையான சான்று தெற்கே தரங்கம்பாடியில் உண்டு. 1706-இல் அங்கு வந்திறங்கிய செருமானியரான சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஈராண்டுக்குள் திருக்குறள் உள்ளிட்ட தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதினார். 1712 முதல் 1714 வரை, அவரும் அவர் துணைவர் கிருண்டிலரும் விடுத்த வினாக்களுக்குத் தமிழர் பலர் விடைமடல் எழுதினர். சமயம், கல்வி, குடும்பம், உணவு, மருத்துவம் என்று அன்றாட வாழ்வையெல்லாம் தமிழிலேயே எழுதினர். 90-க்கும் மேற்பட்ட அம் மடல்கள் செருமானியத்தில் பெயர்க்கப்பெற்று ஆலே நகரில் அச்சாயின. 300 ஆண்டுகளுக்கு முன்னரே, நாடுவிட்டு நாடு சென்ற அன்றாடப் பேச்சு! அது தமிழில் நிகழ்ந்தமையால் தமிழர் வாழ்வு ஐரோப்பாவுக்குச் சென்றது. தமிழ் நூல்களின் பெயரும் சென்றது. இருவர்தம் நோக்கமும் சமயம் பரப்புதலே. கரையும் ஒன்றே, சோழமண்டலக் கரை. வேறுபட்டது பேச்சுமொழி, அதனால் வேறுபட்டது விளைவு.

அன்று கொடுத்த நா

இன்னுமொன்று. மலாய்க்காரர் உடுக்கும் கட்டம்போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'பெலிக்காட்' என்பது பழவேற்காடே. இக் கரையிலிருந்து கப்பலேறிய துணிக்கு இக் கரையின் பெயரே நிலைத்துவிட்டது. துணி மட்டுமா சென்றது? கப்பல் மலாய் மொழியில் 'காப்பால்' ஆயிற்று. கடை 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. மாம்பழம் 'மெம்பெலாம்' ஆயிற்று. மேற்கே ஆங்கிலத்தில் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத் தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று.

இச் சொற்களை அயலார்க்குக் கொடுத்தவர் யார்? புலவரல்லர், அரசரல்லர், தூதரல்லர். துணி விற்றவனும் மூட்டை தூக்கியவனும் கட்டுமரம் ஓட்டியவனும் கொடுத்தவை இவை. சந்தையில் நிகழ்ந்த சிறு பேச்சில், தன் பொருளுக்குத் தன் சொல்லையே சொன்னான் தமிழன், கேட்டவன் எடுத்துக்கொண்டான். கல்லாதவன் அன்று உலகுக்குச் சொல் கொடுத்தான். பட்டம் பெற்றவன் இன்று தன் வீட்டுச் சோற்றுக்கும் 'ரைசு' என்று இரவல் வாங்குகிறான். கொடுத்த நாவே இன்று ஏந்தும் நாவாயிற்று. ஆங்கிலம் வல்லமையுடையதாயிருப்பது மட்டும் இதற்குக் கரணியமன்று; போர்த்துக்கேயமும் அன்று வல்லமையுடையதாகவே இருந்தது. தன் சொல்லைச் சொல்லத் தமிழனுக்கு அன்று நாணமில்லை, இன்று நாணமுண்டு. அதுவே வேறுபாடு.

பிரிப்பது இரவல், இணைப்பது தமிழ்

'ஆங்கிலம் கலந்து பேசினால்தான் பலநாட்டுத் தமிழர்க்கும் விளங்கும்' என்பர் சிலர். உண்மை இதற்கு நேர்மாறானது. பல நாட்டுத் தமிழரைப் பிரித்து வைத்திருப்பவை இரவற்சொற்களே. ஈழத்தான் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பான். அது ஒல்லாந்தச் சொல். ரொட்டியைப் 'பாண்' என்பான். அது போர்த்துக்கேயச் சொல். மலேசியத் தமிழன் சந்தையைப் 'பாசார்' என்பான். அது மலாய் வழிவந்தது. தமிழகத்தான் 'ஆபீசு' என்பான், 'பிரெட்டு' என்பான், 'மார்க்கெட்டு' என்பான். ஒருவன் சொல் மற்றவனுக்கு விளங்காது. அலுவலகம் என்க, சந்தை என்க, மூவர்க்கும் விளங்கும். ஒவ்வொரு நாட்டிலும் எவன் ஆண்டானோ அவன் மொழி இரவலாய் ஒட்டிக்கொண்டது. ஆண்டவர் வேறுவேறாகையால் இரவலும் வேறுவேறாயிற்று. தாய் ஒருத்தியாகையால் தாய்ச்சொல் மட்டும் ஒன்றாய் நின்றது.

இன்னும் வியப்பு என்னவெனில், ஒருநாட்டுத் தமிழன் இழந்த தூயசொல்லை இன்னொரு நாட்டுத் தமிழன் பொன்போற் காத்து வைத்திருக்கிறான். தமிழகத்தான் 'சாவி' என்னும் போர்த்துக்கேயச் சொல்லை வழங்க, ஈழத்தான் 'திறப்பு' என்கிறான். இவன் 'காரம்' என்பதை அவன் 'உறைப்பு' என்கிறான். இவன் 'பியூட்டிஃபுல்' என்று வியப்பதை அவன் 'நல்ல வடிவு' என்று வியக்கிறான். இவன் 'பேக்கரி' என்பதை அவன் 'வெதுப்பகம்' என்கிறான். மலேசியத் தமிழன் காலையில் 'டிபன் ஆயிற்றா?' என்று கேட்பதில்லை, 'பசியாறினீர்களா?' என்று கேட்கிறான். பசி ஆறுதல் என்பதில் எவ்வளவு அன்பு! உண்டதைக் கேட்கவில்லை, பசி தணிந்ததா என்று கேட்கிறான். பழவேற்காட்டு மீனவன் தன் பங்குக்குப் 'பாடு' என்னும் சொல்லைக் கொடுக்கலாம். இந் நால்வரும் தமிழிலேயே அளவளாவினால் ஆறு திங்களில் ஒருவர் செல்வம் ஒருவர்க்காகும். ஆங்கிலத்தில் அளவளாவினால் அறுபது ஆண்டு பழகினும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெறுவதற்கு ஒன்றுமில்லை. எல்லாரும் ஒரே கடையில் வாங்கிய சரக்கை ஒருவர்க்கொருவர் காட்டிக்கொண்டிருப்பர்.

இது கனவன்று, முன்பே நிகழ்ந்தது. கணினித் தமிழ் தவழத் தொடங்கிய 1990-களில், பல நாடுகளில் சிதறியிருந்த தமிழன்பர்கள் ஒருவர்க்கொருவர் தமிழிலேயே மின்மடல் எழுதிப் பழகினர். நலம் வினவினர், சண்டையிட்டனர், சொல்லாய்ந்தனர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1997-இல் அந் நகரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்திலிருந்த கு. கலியாணசுந்தரம் முதலானோர் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிப் பழந்தமிழ் நூல்கள் மின்னேடாயின. 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. 2003-இல் ஈழத்தவரான இ. மயூரநாதன் வளைகுடா நாட்டிலிருந்துகொண்டு தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கி வளர்த்தார். இணையம், மின்னஞ்சல், உலாவி, மென்பொருள், பதிவிறக்கம் என்று இன்று பள்ளிப்பிள்ளையும் வழங்கும் சொற்களெல்லாம் அவ்வாறு பழகியவர்களின் நாவிலும் விரலிலும் ஏறி நிலைத்தவையே. அரசு ஆணையிட்டு இவை நிலைக்கவில்லை. நண்பர்கள் அன்றாடம் வழங்கியமையால் நிலைத்தன.

தடைகளும் விடைகளும்

'நட்பில் இலக்கணம் பார்க்கலாமா?' என்பது முதல் தடை. பார்க்க வேண்டியதில்லை. குப்பத்துப் பேச்சைக் குப்பத்துப் பேச்சாகவே எழுதுக. யாழ்ப்பாணத்துப் பேச்சை அவ்வாறே எழுதுக. வட்டார வழக்கு தமிழின் கிளை. கிளையால் மரத்துக்கு இழுக்கில்லை. ஊறு செய்வது மரத்தின்மேல் படரும் புல்லுருவியே. தனித்தமிழ் என்பது கடுந்தமிழன்று. 'சோறு ஆக்கியாயிற்றா?' என்பது தனித்தமிழே. அதனைக் காட்டிலும் எளிய தமிழ் எது?

'தமிழறியா அயல்நாட்டு நண்பனோடு என்ன செய்வது?' என்பது அடுத்த தடை. இதற்கும் ஏரியே விடை சொல்லும். ஏரியின் வடகரையில் தெலுங்கு, தென்கரையில் தமிழ். 1960 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லைத் திருத்தத்தில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. நிலத்தில் கோடு விழுந்தாலும், இருகரை மீனவரும் ஒருவர் மொழியை ஒருவர் அறிந்து பேசிக்கொள்கின்றனர். தமிழன் வலை என்பதைத் தெலுங்கன் 'வல' என்கிறான். நீர் என்பதை 'நீரு' என்கிறான். படகு என்பதைப் 'படவ' என்கிறான். இங்கும் இருவரையும் நெருக்குவன பழந்தூய சொற்களே. 'ஃபிஷிங் நெட்' என்று சொல்லி இருவரும் நெருங்கிவிடவில்லை. தமிழறியாதவனோடு ஆங்கிலத்தை ஓடமாகக் கொள்க, குற்றமில்லை. ஆனால் ஓடத்திலேயே குடியிருப்பார் இல்லை. வணக்கம் சொல்லித் தொடங்குக; நன்றி சொல்லி முடிக்க. அவன் மொழியில் நலம் வினவக் கற்றுக்கொள்க; தமிழில் நலம் வினவ அவனுக்குக் கற்றுக்கொடுக்க. கெஞ்சாமலும் மிஞ்சாமலும் சமமாய்ப் பழகும் நட்பு அதுவே. உரோசேரியசும் பதுமநாபனும் பத்தாண்டு பழகியும் செய்யாததை இரண்டு இளைஞர் பத்து நாளில் செய்துவிடலாம்.

'தமிழில் தட்டெழுதுவது கடினம். ஆங்கில எழுத்தால் தமிழை எழுதினாலென்ன?' என்பது மூன்றாம் தடை. முன்னொரு காலத்தில் கடலோரத் தமிழ் முசுலிம்கள் அரபெழுத்தால் தமிழ் எழுதினர். அதனை அரபுத்தமிழ் என்பர். ஆனால் அவர்கள் என்ன செய்தனர்? அரபெழுத்தில் இல்லாத தமிழொலிகளுக்குப் புள்ளியும் குறியும் இட்டுத் தனியெழுத்துகளைப் படைத்துக்கொண்டனர். மொழி தமிழாகவே இருந்தது. அதன் ஒலியும் காக்கப்பெற்றது. இன்று உரோமன் எழுத்தால் எழுதுவோர்க்கு அந்தப் பொறுப்பில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் ஓரெழுத்து. ந, ன, ண மூன்றுக்கும் ஓரெழுத்து. குறிலுக்கும் நெடிலுக்கும் ஓரெழுத்து. பலமும் பழமும் பாலமும் ஒன்றாகிவிடுகின்றன. அவ்வாறு எழுதிப் பழகும் தலைமுறை நாளடைவில் அவ்வாறே ஒலிக்கவும் பழகும். திறன்பேசிகளில் தமிழ் விசைப்பலகை வந்து ஆண்டுகள் பலவாயின. விரல் சோம்பினால் வாயாற் சொன்னாலும் எழுதிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. ஆகவே, இது கருவியின் குறைபாடன்று, உள்ளத்தின் குறைபாடு.

மேலும் ஒன்றைக் கருதுக. திறன்பேசி, அதனை வழங்குவோன் எழுதும் சொற்களைக் கண்டுகொண்டு, அடுத்த முறை அச் சொற்களையே முன்னெடுத்து நீட்டுகிறது. 'ஓகே' என்று நூறுமுறை எழுதியவனுக்கு அது 'ஓகே' என்றே நீட்டும். 'சரி' என்று நூறுமுறை எழுதியவனுக்குச் 'சரி' என்றே நீட்டும். பொறிக்கு மொழிப்பற்றும் இல்லை, மொழிப்பகையும் இல்லை. மாந்தன் ஊட்டியதை அது உண்கிறது. தமிழர் தமிழை ஊட்டாவிட்டால், நாளை பொறிகளும் தமிழரோடு தமிழில் பேசத் தடுமாறும்.

கழிமுகம் அடைபடலாகாது

பழவேற்காட்டு மீனவர் நன்கறிந்த துன்பம் ஒன்றுண்டு. ஏரி கடலோடு கூடும் கழிமுகம் மணல்மூடி அடைபட்டுப் போகும். ஏரி அப்படியேதான் இருக்கும்; நீரும் இருக்கும்; பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஆனால் கடல்நீர் உட்புகாது. மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் ஏரிக்குள் ஏறா. வலை வெறுமையாய் வரும். அதனாலன்றோ கழிமுகத்தைத் தூர்வாரித் திறந்து வைக்குமாறு அவர்கள் நெடுங்காலம் போராடினர்.

மொழிக்குக் கழிமுகம் அன்றாடப் பேச்சு. அது திறந்திருக்கும்வரை புதுச்சொல் உட்புகும், பழஞ்சொல் உயிர்க்கும், வேற்றுமொழியோடும் ஒப்பநின்று கொண்டும் கொடுத்தும் வாழும். அது அடைபட்டால், சங்க நூல்களும் தொல்காப்பியமும் அப்படியேதான் இருக்கும், செம்மொழி என்னும் பட்டமும் இருக்கும், மாநாடுகளும் நடக்கும். ஆனால் வலையில் ஒன்றும் படாது. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, அவர் தம் வீட்டுப் பேச்சிலிருந்தே அதனைத் தொடங்கினார். வேதாசலம் என்னும் தம் பெயரையே முதலில் மாற்றினார். பிறகே நாட்டாரை மாறச் சொன்னார். பெரியதைச் சிறியதிலிருந்து தொடங்குவதே அவர் காட்டிய நெறி.

ஆகவே, தமிழ் இளைஞர் ஒவ்வொருவரும் இன்றே இதனைக் கைக்கொள்க. விடிந்ததும் அனுப்பும் முதற்செய்தி வணக்கமாகுக. உரோமன் எழுத்தை விடுத்துத் தமிழெழுத்தால் எழுதுக. நண்பன் ஆங்கிலத்தில் எழுதினும் சினவாது, இடித்துரையாது, தமிழில் விடை எழுதுக. பத்து நாளில் அவனும் எழுதுவான். ஈழத்துச் சொல்லையும் மலேசியச் சொல்லையும் கண்டால் நகையாமல் கேட்டு வாங்கிக்கொள்க. தன் ஊர்ச் சொல்லைத் தயங்காமல் எடுத்துக் கொடுக்க. அயல்நாட்டில் பிறந்த தமிழ்ப்பிள்ளை தட்டுத்தடுமாறித் தமிழில் ஒரு வரி எழுதினால், பிழையைச் சுட்டுமுன் மகிழ்ச்சியைச் சொல்க. அப் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி வாரத்தில் ஒருநாள். பழவேற்காட்டு நண்பன் நாடோறும்.

இதற்குப் பொருட்செலவில்லை, அரசாணை வேண்டியதில்லை, எவரிடமும் இசைவு பெறவேண்டியதில்லை. இன்று மாலை வலை உலர்த்தி முடித்த கையோடு, கடலுக்கு அப்பாலிருக்கும் நண்பனை 'பாடு எப்படி?' என்று கேட்டால் போதும். அவனுக்கு அச் சொல் விளங்காவிட்டால் இன்னும் நல்லது, 'அஃதென்ன பாடு?' என்று அவன் கேட்பான். அவ் வினாவிலிருந்து தமிழ் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மீண்டும் கப்பலேறும்.